குதிரைக்கு ஊரடங்கு உண்டா?

விருத்தாசலத்திலிருந்து ஸ்ரீமுஷ்ணத்துக்கு பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். அங்கே எழுந்தருளியிருப்பவர் பூவராகப் பெருமாள். பூமிதேவியைக் காப்பாற்றப் பன்றி வடிவம் எடுத்த பெருமான் அல்லவா? அதனால் அவருக்குப் பிரசாதமும் கோரைக் கிழங்கில்தான். பன்றி மண்ணைக் கிளறித் தேடித் தின்னும் கிழங்கு அது. சுவாமியே ஆனாலும், எடுத்த உடம்புக்கு ஏற்ற தீனியைக் கொடுக்க வேண்டும் என்று நம் முன்னோர்கள் நினைத்திருக்கிறார்கள். எவ்வளவு பெரிய மனசு!

அந்தக் கோயில் மண்டபத் தூண்களைப் பார்த்தவர்களுக்கு இன்னொரு காட்சியும் மறக்காது. முன்னங்கால்களைத் தூக்கிப் பாயும் கல் குதிரைகள். மேலே வாள் பிடித்த வீரர்கள். நாயக்க மன்னர் காலத்துச் சிற்பிகள் கடிவாளத்தின் வாரைக்கூட விடாமல் செதுக்கி வைத்திருக்கிறார்கள். கல் குதிரைகளுக்கு ஒரு சௌகரியம் உண்டு. நானூறு வருஷமாகக் கொள்ளும் வேண்டாம், புல்லும் வேண்டாம். உயிருள்ள குதிரைக்கு அப்படி முடியுமா?

முடியாது என்பதை நம் நாடு 2020-ஆம் வருஷம் தெரிந்துகொண்டது. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறோம். குதிரை மட்டும் அல்ல. மாடு, ஆடு, பூனை, நாய் என்று ஒரு வாயில்லா ஜீவனாவது இருக்கிற வீடு எல்லாவற்றுக்கும் சேர்ந்த கதை இது.

எல்லைக் கோடு

ஸ்ரீமுஷ்ணத்துப் பெருமாள் ஊர் விட்டு ஊர் போகிற பெருமாள். மாசி மகத்தன்று சிதம்பரத்துக்கு அப்பால் உள்ள கிள்ளைக் கடற்கரையில் தீர்த்தவாரி. போகிற வழியில் முஸ்லிம் பெருமக்கள் மரியாதை செய்து அவரை வரவேற்பது தலைமுறை தலைமுறையாக நடந்து வருகிற வழக்கம். 2020-இல் மாசி மகம் மார்ச் 8-ஆம் தேதி வந்தது. அதற்குப் பதினாறு நாள் கழித்து, மார்ச் 24-ஆம் தேதி மாலை ஆறு மணிக்குத் தமிழ்நாடு முழுவதும் 144 தடை உத்தரவு. அன்று நள்ளிரவு முதல் இந்தியா முழுவதற்கும் ஊரடங்கு. கோயில் கதவுகள் பக்தர்களுக்கு மூடிக்கொண்டன. விருத்தாசலத்தில் அகல் விளக்கும் பொம்மையும் பீங்கான் கோப்பையும் சுட்டுத் தள்ளுகிற சூளைகளும் குளிர்ந்து போயின. சாலையில் நடமாடியவர்கள் போலீஸ்காரர்கள் மட்டும்தான்.

ஸ்ரீமுஷ்ணத்துக்கு ஒரு விசேஷமான சங்கடமும் இருந்தது. ஊர் இருப்பது கடலூர் மாவட்டத்தின் ஓரத்தில். கொஞ்ச தூரம் போனால் ஆண்டிமடம் பக்கம்; அது அரியலூர் மாவட்டம். பெண் கொடுத்தது அந்தப் பக்கம், பெண் எடுத்தது இந்தப் பக்கம் என்று இருக்கிற ஜனங்களுக்கு நடுவே, இத்தனை காலம் கண்ணுக்குத் தெரியாமல் இருந்த எல்லைக் கோடு திடீரென்று இரும்புத் தடுப்பாக எழுந்து நின்றது. ஜூன் மாதம் சர்க்கார் தமிழ்நாட்டை எட்டு மண்டலங்களாகப் பிரித்து, மண்டலத்துக்குள் பாஸ் இல்லாமல் போகலாம் என்றார்கள். கடலூரோ விழுப்புரம், கள்ளக்குறிச்சியோடு மூன்றாம் மண்டலம். அரியலூரோ திருச்சி, தஞ்சாவூரோடு நான்காம் மண்டலம். ஆகவே அப்போதும் சம்பந்தி வீட்டுக்குப் போக இ-பாஸ் வேண்டியிருந்தது. பாஸ் என்ற தொல்லை மாநிலத்துக்குள் பெரும்பாலும் ஒழிந்தது செப்டம்பர் 1-ஆம் தேதிதான்.

போலீஸார் ஏன் இவ்வளவு கண்டிப்பாக இருந்தார்கள் என்று கேட்கலாம். காரணம் இல்லாமல் இல்லை. ஏப்ரல் கடைசியில் சென்னைக் கோயம்பேடு மார்க்கெட்டில் மூட்டை தூக்கிய தொழிலாளிகள் பலர் லாரிகளில் ஏறிச் சொந்த ஊருக்குத் திரும்பினார்கள். கடலூர் மாவட்டத்துக்காரர்கள் அவர்களில் ஏராளம். பிழைப்பைத் தேடிப் போனவர்கள் வியாதியோடு வந்தார்கள். மே 4-ஆம் தேதி ஒரே நாளில் கடலூர் மாவட்டத்தில் 122 பேருக்கு நோய் என்று கண்டார்கள். மறுநாள் கோயம்பேடு மார்க்கெட்டையே மூடும்படி ஆயிற்று. சோதனைச் சாவடியில் நின்ற கான்ஸ்டபிளுக்கும் வீட்டில் மனைவி மக்கள் உண்டு. வருகிற ஒவ்வொரு வண்டியும் அவருக்கு ஒரு பயம்தான்.

கொள்ளுக்குப் போனவர்

இனி, இப்படி ஒரு சம்பாஷணையைக் கற்பனை செய்து பாருங்கள்.

"எங்கேய்யா கிளம்பிட்டே?"

"குதிரைக்குத் தீனி வைக்கணுங்க, ஐயா. கொட்டகை அந்த ஊரிலே இருக்கு."

"குதிரையா! ஆஸ்பத்திரி, மளிகை, மருந்துன்னு எத்தனையோ காரணம் கேட்டுட்டேன். குதிரை இன்னிக்குத்தான் புதுசு. பாஸ் எங்கே?"

"பாஸ் கேட்டா, காரணம் எழுதற இடத்திலே குதிரைன்னு ஒண்ணு இல்லீங்களே."

சிரிப்பு வருகிறது அல்லவா? ஆனால் குதிரைக்காரருக்குச் சிரிப்பு வராது. ஏனென்றால் குதிரையின் வயிறு விசித்திரமான வயிறு. அவ்வளவு பெரிய உடம்புக்கு இரைப்பை மிகச் சிறியது. ஆகவே மனிதரைப் போல இரண்டு வேளை வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுச் சும்மா இருக்க அதனால் ஆகாது. நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக மேய்ந்துகொண்டே இருக்க வேண்டும். முந்நூற்றைம்பது கிலோ எடையுள்ள குதிரைக்குத் தினம் ஏழு கிலோ அளவுக்கு உலர்ந்த தீனி வேண்டும். இரண்டு மூன்று குடம் தண்ணீர் வேண்டும். தீனி தவறினாலும் ஆபத்து, பசித்த குதிரைக்குத் திடீரென்று கொள்ளையும் தவிட்டையும் கொட்டினாலும் ஆபத்து. வயிற்றுவலி வந்துவிட்டால், மனிதரைப் போல வாந்தி எடுத்துச் சமாளிக்கும் வழியும் அதற்குக் கிடையாது. சில மணி நேரத்தில் பிராணனே போய்விடும்.

சரி, வேலை இல்லையே, கட்டிப் போட்டு நன்றாகத் தீனி போடலாமே என்றால் அதுவும் கூடாது. ஓடிக்கொண்டிருந்த குதிரையை நிறுத்தி வைத்து முழுத் தீனியும் கொடுத்தால் தசைகள் இறுகி, அடுத்த தடவை நடக்கும்போது வலியால் துடிக்கும். தினம் நடத்திக் கொண்டுவர வேண்டும். ஆறு, எட்டு வாரத்துக்கு ஒரு முறை லாடக்காரர் வந்து குளம்பைச் செதுக்க வேண்டும். லாடக்காரர் வருவதற்கு ஒரு பாஸ்! மருத்துவர் வருவதற்கு ஒரு பாஸ்! குதிரை ஒன்றுதான், அதைச் சுற்றி நடமாட வேண்டிய மனிதர்களோ நாலைந்து பேர்.

சர்க்கார் இதை அடியோடு மறந்துவிட்டார்கள் என்று சொல்லக் கூடாது. மார்ச் 24-ஆம் தேதி மத்திய உள்துறை வெளியிட்ட உத்தரவிலேயே, மளிகை, பால், காய்கறிக் கடைகளோடு கால்நடைத் தீவனக் கடையும் திறந்திருக்கலாம் என்று இருந்தது. மறுநாளே கால்நடை ஆஸ்பத்திரிகளையும் சேர்த்தார்கள். கடை திறந்திருக்கிறது, சந்தோஷம். ஆனால் கடைக்குப் போகிற வழி? கொட்டகைக்குப் போகிற வழி? அதைப் பற்றி எழுத்தில் தெளிவு இல்லாததால், அந்தப் பொறுப்பு சோதனைச் சாவடியில் வெயிலில் நிற்கிற கான்ஸ்டபிளின் தலையில் விழுந்தது.

பூனைக்குக் கிடைத்த நீதி

இந்தக் கேள்விக்கு முதன்முதலில் பதில் வாங்கிக் கொடுத்தது குதிரை அல்ல, பூனை!

கேரளத்தில் கொச்சிப் பக்கம் ஒருவர் மூன்று பூனைகள் வளர்த்தார். அவரோ சைவம். வீட்டில் மீன், மாமிசம் சமைக்கிற வழக்கம் இல்லை. பூனைகளுக்கு ஒரு குறிப்பிட்ட பிஸ்கட்டுத்தான் ஆகாரம். அது கிடைக்கிற இடத்துக்கு வண்டியில் போய் வர போலீஸாரிடம் பாஸ் கேட்டார். இது அவசியம் அல்ல என்று மறுத்துவிட்டார்கள். மனுஷர் சும்மா இருந்தாரா? நேராக ஹைகோர்ட்டில் மனுப் போட்டுவிட்டார்.

2020 ஏப்ரல் 6-ஆம் தேதி கேரள ஹைகோர்ட் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. பிஸ்கட் வாங்கப் போகலாம். காரணத்தை எழுதிய சுய உறுதிமொழி ஒன்றையும், இந்தத் தீர்ப்பின் நகலையும் கையில் வைத்திருந்தால் போதும். நீதிபதிகள் இதை வேடிக்கை வழக்கு என்று தள்ளிவிடவில்லை. 1960-ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டத்தை எடுத்துக் காட்டினார்கள். 2014-இல் சுப்ரீம் கோர்ட் ஜல்லிக்கட்டு வழக்கில் மிருகங்களின் நலனைப் பற்றிச் சொன்னதையும் நினைவுபடுத்தினார்கள். தீர்ப்பின் கடைசியில் மட்டும் பூனையைக் குறிக்கும் இங்கிலீஷ் வார்த்தையை வைத்து ஒரு சிலேடையும் செய்தார்கள். கோர்ட்டிலும் சிரிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்!

இதில் நாம் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அந்த 1960-ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி, மிருகத்தை வைத்திருப்பவர் அதற்குப் போதுமான தீனியும் தண்ணீரும் இடமும் கொடுக்காவிட்டால் அது குற்றம். அதாவது, வீட்டை விட்டு வெளியே போனால் ஊரடங்குச் சட்டப்படி குற்றம். போகாவிட்டால் மிருகவதைச் சட்டப்படி குற்றம்! இரண்டு குற்றங்களுக்கு நடுவில் ஒரு ஏழைக் குதிரைக்காரர் எங்கே நிற்பார்? ஹைகோர்ட் வழி காட்டியது என்னவோ வாஸ்தவம். ஆனால் ஹைகோர்ட்டுக்குப் போகிற வசதி எத்தனை பேருக்கு உண்டு?

தனிமையில் வைக்கப்பட்ட குதிரை

போலீஸார் நிஜமாகவே ஒரு குதிரையையும் அதன் சொந்தக்காரரையும் வழிமறித்த சம்பவம் காஷ்மீர்ப் பக்கம் நடந்தது. 2020 மே மாதக் கடைசியில் ஷோபியானிலிருந்து ஒருவர் முகலாயர் சாலை வழியாக மலையைக் கடந்து ராஜௌரிக்குக் குதிரையிலேயே வந்தார். பஸ் இல்லை, கார் இல்லை, குதிரை இருக்கிறதே! ஷோபியானில் அப்போது வியாதி அதிகம். ஆகவே எல்லையில் அவரை நிறுத்தினார்கள். அவரைச் சர்க்கார் தனிமை முகாமுக்கு அனுப்பிவிட்டார்கள். குதிரையை என்ன செய்வது? அதிகாரிகள் யோசித்தார்கள். கால்நடை டாக்டரைக் கலந்தார்கள். கடைசியில், குதிரையையும் மற்ற மிருகங்களோடு சேர்க்காமல் தனியாகக் கட்டி வைக்கும்படி சொல்லிக் குடும்பத்தாரிடம் ஒப்படைத்தார்கள்.

பத்திரிகைகள் எல்லாம் இதைத் தமாஷாகப் போட்டன. ஆனால் பாருங்கள், அந்த அதிகாரிகள் செய்த காரியத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. மனிதரை முகாமுக்கு அனுப்பியபோது, குதிரையை நடுச்சாலையில் விட்டுவிடவில்லை. அதற்குத் தீனி வைக்க ஒரு கை வேண்டும் என்று நினைத்து, வீட்டாரிடம் சேர்த்தார்கள். உத்தரவுப் புத்தகத்தில் இல்லாத ஒன்றை மனிதப் புத்தியால் முடிவு செய்தார்கள்.

கடல் கடந்த செய்தி

குதிரைகள் அதிகம் உள்ள சீமை நாடுகளில் என்ன செய்தார்கள்? பிரான்சில் வெளியே கிளம்புகிற ஒவ்வொருவரும் ஒரு படிவத்தைத் தாமே பூர்த்தி செய்து கையெழுத்திட்டு எடுத்துக்கொண்டு போக வேண்டும். காரணங்களின் வரிசையில் வளர்ப்பு மிருகங்களின் தேவையும் அச்சாகியிருந்தது. விதியை மீறினால் 135 யூரோ அபராதம். அயர்லாந்தில் மார்ச் கடைசியில் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்றார்கள். மே 5-ஆம் தேதி அதை ஐந்தாக்கினார்கள். ஆனால் பண்ணை மிருகங்களைப் பார்க்கப் போகிறவர்களுக்கு அந்த எல்லை இல்லை.

இங்கிலாந்தில் குதிரையைத் தம் வீட்டில் வைக்காமல் பொதுக் கொட்டகையில் விட்டு வைக்கிறவர்கள் நிறையப் பேர். பிரிட்டிஷ் குதிரைச் சங்கம் அவர்களுக்குச் சொன்ன யோசனை நல்ல யோசனை: தீனி, தண்ணீர், வைத்தியம் ஆகிய அவசியத்துக்கு மட்டும் போங்கள், எல்லாரும் போகாமல் முறை வைத்துக்கொண்டு ஒருவரே பலருடைய குதிரைகளையும் பாருங்கள், சவாரி வேண்டாம். சவாரி ஏன் வேண்டாம் தெரியுமா? விழுந்து எலும்பு முறிந்தால், ஏற்கனவே நிரம்பி வழிகிற ஆஸ்பத்திரிக்கு இன்னொரு பாரம்!

சீமையில் இருந்தவர்கள் புத்திசாலிகள், நம்மவர்கள் அல்ல என்று இதற்கு அர்த்தம் இல்லை. அங்கே குதிரை ஆசைக்கு வளர்க்கிற பிராணி; சங்கம் உண்டு, கேட்க வாய் உண்டு. இங்கே குதிரை என்பது ஒரு குடும்பத்தின் அரிசி, பருப்பு.

சென்னை மெரினாவில் குழந்தைகளை ஏற்றிச் செல்கிற குதிரைகளை நினைத்துப் பாருங்கள். 2020 மார்ச்சில் மூடிய கடற்கரை டிசம்பர் 14-ஆம் தேதிதான் திறந்தது. ஏறக்குறைய ஒன்பது மாதம்! ஊட்டியிலும் கொடைக்கானலிலும் சீசன் முழுவதும் போயிற்று. கல்யாண ஊர்வலம் இல்லை. சாரட்டு வண்டி இல்லை. வடக்கே வைஷ்ணவி தேவி மலையில் மார்ச் 18 முதல் ஆகஸ்ட் 16 வரை யாத்திரை இல்லை. அமர்நாத் யாத்திரை அந்த வருஷம் நடக்கவே இல்லை. யாத்ரிகரை நம்பிப் பிழைத்த குதிரைக்காரரும் குதிரையும் சேர்ந்தே பட்டினி. ரேஷன் கார்டுக்கு ஆயிரம் ரூபாயும் இலவச அரிசியும் தமிழ்நாட்டு சர்க்கார் கொடுத்தார்கள். அது குடும்பத்தின் உலைக்கு. குதிரைக்கு ரேஷன் கார்டு ஏது? மெரினாக் குதிரைகளுக்குப் பிராணி நல அன்பர்கள் தீவனம் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அவர்களும் பாஸ் வாங்கிக்கொண்டுதான் போனார்கள்!

லத்தியும் கடிதமும்

போலீஸாரைப் பற்றி நல்லதும் கெட்டதும் சொல்ல வேண்டும். சென்னை வில்லிவாக்கத்தில் ஓர் இன்ஸ்பெக்டர் கிருமியைப் போல முள்முள்ளாகச் செய்த ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, வண்டியில் வந்தவர்களிடம் வேடிக்கையாகப் புத்தி சொன்னார். ஆந்திரத்தில் ஒரு சப்-இன்ஸ்பெக்டர் வெள்ளைக் குதிரையின் உடம்பில் கிருமி உருவங்களை வரையச் செய்து அதன்மேல் ஏறி ஊர்வலம் வந்தார். திருப்பூர்ப் பக்கம் பறக்கும் காமிராவைக் கண்டு, கேரம் ஆடிக்கொண்டிருந்த வாலிபர்கள் பலகையால் தலையை மறைத்துக்கொண்டு ஓடிய காட்சியை உலகமே பார்த்துச் சிரித்தது.

இன்னொரு பக்கமும் உண்டு. வழியில் தோப்புக்கரணம் போட வைத்தார்கள், லத்தியால் அடித்தார்கள், வண்டிகளை லட்சக்கணக்கில் பறிமுதல் செய்தார்கள். ஜூன் மாதம் சாத்தான்குளத்தில், கடையைக் குறித்த நேரத்துக்கு மேல் திறந்து வைத்தார்கள் என்ற புகாரில் பிடித்துக்கொண்டு போன தகப்பனும் மகனும் திரும்பி வரவே இல்லை. அந்த வீட்டுப் பெண்களின் அழுகையைக் கேட்டு நாடே கலங்கியது. சில நிமிஷ நேர மீறலுக்கு இரண்டு உயிரா?

இதற்கு நேர்மாறாக ஒரு தாயின் கதை. தெலங்கானாவில் போதன் என்ற ஊரில் ஒரு பள்ளிக்கூடத் தலைமையாசிரியை. கைம்பெண். மகன் நெல்லூரில் மாட்டிக்கொண்டான். ஏப்ரல் மாதத்தில் ஸ்கூட்டரில் தனியாகக் கிளம்பி, போக வர 1,400 கிலோமீட்டர் ஓட்டி, பிள்ளையைப் பின்னால் உட்கார வைத்து அழைத்து வந்துவிட்டார்! காட்டு வழியிலும் ராத்திரி நேரத்திலும் அவரைக் காப்பாற்றியது என்ன? உள்ளூர்ப் போலீஸ் அதிகாரி ஒருவர் எழுதிக் கொடுத்த ஒரு கடிதம். வழியில் நிறுத்திய போலீஸார் எல்லாரும் அதைப் படித்துப் பார்த்து வழி விட்டார்கள்.

அதே மாதத் தொடக்கத்தில், நாக்பூர்ப் பக்கமிருந்து நாமக்கல்லுக்கு நடந்து கிளம்பிய நம் தமிழ்ப் பிள்ளை ஒருவன் இருபத்து மூன்று வயதில், சிகந்திராபாத்தில் தங்கிய இடத்திலேயே சுருண்டு விழுந்து இறந்தான். அவன் கையில் அப்படி ஒரு கடிதம் இல்லை. ஏற்றிச் செல்ல வண்டியும் இல்லை. ஒரு துண்டுக் காகிதம் எவ்வளவு பெரிய விஷயம், பார்த்தீர்களா?

வீட்டில் செய்து வைக்க வேண்டியவை

ஊரடங்கு போய்விட்டது. ஆனால் கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்குப் புயலும் வெள்ளமும் புதிது அல்ல. வழி அடைபடுகிற நாள் மறுபடியும் வரத்தான் செய்யும். ஆகவே வீட்டில் பசுவோ, ஆடோ, நாயோ எதுவானாலும் வளர்க்கிற சகோதரிகள் சில காரியங்களை இப்போதே செய்து வைப்பது நல்லது.

இரண்டு வாரத்துக்கான தீவனம் எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும். பழையதை எடுத்துப் புதியதை வைத்துக்கொண்டே வந்தால் பூச்சி பிடிக்காது. மிருகம் நம்முடையது என்பதற்கு ஓர் அத்தாட்சி வேண்டும். தடுப்பூசிச் சீட்டு, கால்நடை ஆஸ்பத்திரிச் சீட்டு, காதில் போட்ட எண், ஒரு போட்டோ, இவற்றை ரேஷன் கார்டோடு சேர்த்து வையுங்கள். மிருகம் வேறு இடத்தில் கட்டியிருந்தால், "இன்னார், இன்ன இடத்துக்கு, இன்ன நேரத்தில், தீனி வைக்கப் போகிறேன்" என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொண்டுபோங்கள். கேரளத்துப் பூனைக்கு வழி திறந்தது அப்படி ஒரு தாள்தான். நீங்கள் போக முடியாத நாளில் தீனி வைக்க, பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரை மிருகத்துக்கு இப்போதே பழக்கி வையுங்கள். பழகாத ஆளைக் கண்டால் பசுவும் உதைக்கும், குதிரையும் கடிக்கும். கடைசியாக, அது என்ன தின்னும், எவ்வளவு தின்னும் என்பதைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். வீட்டு எஜமானியின் தலைக்குள் மட்டும் இருக்கிற கணக்கு, அவள் ஆஸ்பத்திரியில் படுத்தால் யாருக்கும் உதவாது.

சர்க்காருக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. அடுத்த தடவை பாஸ் படிவம் அச்சடிக்கும்போது, மருத்துவம், மரணம், கல்யாணம் என்ற காரணங்களுக்குக் கீழே "வாயில்லா ஜீவனுக்குத் தீனி" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். ஒரே ஒரு வரி போதும். சாவடியில் நிற்கிற கான்ஸ்டபிளுக்கும் தலைவலி இல்லை. குதிரைக்காரருக்கும் கைகூப்பிக் கெஞ்சுகிற அவமானம் இல்லை.

பசி எந்த உத்தரவையும் படித்துப் பார்ப்பதில்லை. உத்தரவு எழுதுகிறவர்கள்தான் பசியைப் பார்த்து எழுத வேண்டும்.